ஜெபிக்க ஜெபிக்கப் பயம் கூடுகிறதே, ஏன்?

கடிதம் எழுதிய வாசகிக்கு வயது 33. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர், கணவர் பாளையங்கோட்டைக்காரர், நான்கு வயதில் ஒரு மகள். அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். தமிழ்ச் சபை ஒன்றில் ஞாயிறு பள்ளி ஆசிரியை. (ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இரண்டு ஆண்டுகளுக்கு முன் திருவிருந்து ஆராதனையின் நடுவே, பரிசுத்த ஆவியானவரைப் பற்றி எழுதவே கூசும் ஒரு வசைச்சொல் அவர் மனத்தில் குதித்தது. "மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ" என்ற திகில் அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை. ஒவ்வொரு முறை அந்தச் சொல் வரும்போதும் மன்னிப்புக் கேட்டு ஜெபிக்கிறார். ஜெபத்தின் நடுவில் மறுபடியும் வந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்குகிறார். இரவில் இரண்டு மணி நேரம் இப்படியே கழிகிறது. திருவிருந்து எடுப்பதை நிறுத்திவிட்டார். "இது பாவமா?" என்று போதகருக்குத் தினமும் குறுஞ்செய்தி அனுப்புகிறார், அவர் பொறுமையாகப் பதில் சொல்கிறார், நிம்மதி காலைவரை நிற்கிறது. ஜெபக்குழு அக்கா ஒருவர் ஏதோ ஆவியின் பிடி என்று சொல்ல, விடுதலை ஜெபம் இரண்டு முறை நடந்தது. அதற்குப் பின் நிலைமை மோசமானது.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவர் எண்ணச் சுழற்சி நோயாக, அதாவது ஓசிடியாக, இருக்கலாம் என்று சொல்லி மாத்திரை கொடுத்து நிபுணரிடம் பரிந்துரைத்தார். பத்து நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டார்: குமட்டல், பலன் இல்லை, போதாததற்கு "நோய் என்று சொல்லிப் பாவத்திலிருந்து தப்பிக்கிறேன்" என்ற குற்ற உணர்ச்சி. தனியார் ஆலோசகர் ஒருவர் முதல் சந்திப்பிலேயே "கொஞ்ச நாள் சபைக்குப் போகாமல் இருங்கள்" என்று சொன்னதால் அங்கே திரும்பிப் போகவில்லை. இப்போது, குறுகிய காலப் பயிற்சி முடித்த சபைச் சகோதரி ஒருவர் இலவசமாகக் கிறிஸ்தவ ஆலோசனை தர முன்வந்திருக்கிறார். மாமியாரோ ஊருக்கு வந்து ஒரு ஜெப வீட்டில் 40 நாள் தங்கச் சொல்கிறார். இது பாவமா நோயா, ஆலோசகர் விசுவாசியாக இருக்கவேண்டுமா, அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமா என்பவை வாசகியின் கேள்விகள். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "சில இரவுகளில், காலையில் கண் விழிக்காமலே இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது."

அன்புள்ள சகோதரி,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அதை உங்கள் கணவரிடம் இன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள். மருத்துவரிடமும் அதே சொற்களில் சொல்லவேண்டும். அந்த நினைப்பு எப்படிச் செய்வது, எப்போது என்ற திட்டமாக மாறத் தொடங்கினால் காத்திருக்கவேண்டாம். அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். ஆபத்து நெருங்கிவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 995, அல்லது நேரே மருத்துவமனை அவசரப் பிரிவு. வெளியே சொன்னால் போலீஸ் வருமோ என்ற பழைய பயம் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. தற்கொலை முயற்சி சிங்கப்பூரில் 2020 ஜனவரி 1 முதல் குற்றமே அல்ல.

நானும் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறவள்தான். அதனால் உங்கள் கடிதத்தில் வரும் திகில் எனக்கு வெளியூர்ச் செய்தி அல்ல. நேரில் பார்க்காமல் நோயைக் கணித்துச் சொல்ல மாட்டேன், அது உங்கள் மருத்துவரின் வேலை. ஆனால் நீங்கள் விவரித்திருப்பது மனநலத் துறைக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. மருத்துவர் சந்தேகித்ததில் எனக்கு வியப்பில்லை.

அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது?

வேண்டாத எண்ணங்கள் எல்லார் மனத்திலும் குதிக்கின்றன. மாடியில் நிற்கும்போது "குதித்தால் என்ன?" என்று தோன்றும், கையில் கத்தி இருக்கும்போது பக்கத்தில் விளையாடும் குழந்தை மேல் கண் போகும். 1978இல் லண்டனில் ராக்மன் என்பவரும், இலங்கையில் பிறந்த பத்மால் டி சில்வாவும் இதை ஆராய்ந்தார்கள். ஓசிடி உள்ளவர்களுக்கு வரும் எண்ணங்களும் நோயே இல்லாதவர்களுக்கு வரும் எண்ணங்களும் உள்ளடக்கத்தில் பெரிதாக வேறுபடவில்லை. வேறுபாடு அடுத்த நொடியில் இருந்தது. மற்றவர்கள் "சே" என்று உதறிவிட்டுப் போகிறார்கள், ஓசிடி உள்ளவர் "இப்படித் தோன்றியதென்றால் நான் எப்படிப்பட்டவள்?" என்று விசாரணையைத் தொடங்கிவிடுகிறார்.

இந்த நோய் ஒருவர் எதை உயிராக மதிக்கிறாரோ அங்கேதான் கை வைக்கும். தாய்க்குக் குழந்தையைப் பற்றிய எண்ணம். பக்தியுள்ள முஸ்லிமுக்குத் தொழுகைக்கு முன் செய்த சுத்தம் போதாதோ என்ற ஐயம். இந்து அன்பர் ஒருவருக்குச் சந்நிதியில் நிற்கும்போது சாமியைப் பற்றிய ஆபாச நினைப்பு. பரிசுத்த ஆவியானவரைப் பற்றிக் கவலையே இல்லாத ஒருவருக்கு உங்களுக்கு வந்த சொல் வந்திருந்தால், காபி ஆறுவதற்குள் மறந்திருப்பார்.

இது நம் நாட்டில் அரிதும் அல்ல. 2016ஆம் ஆண்டின் சிங்கப்பூர் மனநல ஆய்வின்படி 28 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்தில் ஓசிடி வந்திருக்கிறது. அதைவிட என்னை உறுத்துவது அதே ஆய்வின் இன்னோர் எண்: அவர்கள் உதவி நாடி வருவதற்கு எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் 11 ஆண்டுகள். நீங்கள் இரண்டே ஆண்டில் மருத்துவரிடம் போயிருக்கிறீர்கள்.

நம் வீடுகளில் 'மோட்சப் பிரயாணம்' இருக்கும். அதை எழுதிய ஜான் பனியன் 1666இல் தன் வாழ்க்கைக் கதையையும் எழுதினார். "கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு" என்ற எண்ணம் சாப்பாட்டு மேசையிலும் படுக்கையிலும் விடாமல் துரத்தியதையும், "விற்க மாட்டேன்" என்று மணிக்கணக்கில் பதில் சொல்லிச் சொல்லி மூச்சுத் திணறியதையும், மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டதாக நம்பியதையும் அவரே எழுதியிருக்கிறார். முந்நூறு ஆண்டுக்கு முன் இறந்தவருக்கு நான் நோய்ப் பெயர் சூட்டப்போவதில்லை. ஆனால் அந்தப் பக்கங்களை உங்கள் கடிதத்தோடு சேர்த்து வைத்தால் எது யாருடையது என்று பிரிப்பது கடினம்.

எல்லா ஜெபமும் ஒன்றல்ல

இந்த இடம் உங்களுக்குக் கசக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். இரவில் இரண்டு மணி நேரம் நீங்கள் செய்வது உங்கள் பக்தியின் அளவு என்று நினைக்கிறீர்கள். அதில் பெரும்பகுதி நோயின் வேலை. எண்ணம் பயத்தைக் கிளப்புகிறது. பயத்தைத் தணிக்க ஒரு செயல். செயல் முடிந்ததும் சிறிது நேர நிம்மதி. "அந்தச் செயலால்தான் பிழைத்தோம்" என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் வேகமாக வருகிறது. கை கழுவிக்கொண்டே இருப்பவருக்குச் சோப்பு எப்படியோ, அப்படி உங்களுக்கு அந்த மன்னிப்பு ஜெபம் ஆகிவிட்டது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் ஒரு கேள்வி கேட்பேன்: பாதியில் மகள் அழுதால் ஆமென் சொல்லி எழுந்துவிட முடிகிறதா? தேவனோடு பேசிக்கொண்டிருப்பவரால் முடியும், நாளைக்கும் பேசலாம். சொல்லைச் சரியாகச் சொன்னால்தான் தண்டனையிலிருந்து தப்பலாம் என்று நினைப்பவரால் முடியாது.

உங்கள் போதகரின் குறுஞ்செய்திகளும் இதே சுழலில் சிக்கியிருக்கின்றன. அவர் நல்லவர். அந்த நல்ல மனத்தைத்தான் நோய் தினமும் சுரண்டுகிறது. மன்னிக்கப்படாத பாவத்தைச் சொல்லும் மத்தேயு 12ஆம் அதிகாரத்தின் விளக்கத்தை அவர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்: கண்ணெதிரே குணமானவனைப் பார்த்தும், அது பிசாசின் தலைவனால் நடந்தது என்று மனமறிந்து சாதித்தவர்களிடம் இயேசு பேசிய பேச்சு அது. அந்த விளக்கத்தை ஒரு முறை கேட்பது போதனை. நூறாவது முறை கேட்பது அறிகுறி. ஆகவே நான் இங்கே அதற்கு மேல் ஒரு வரிகூட விளக்கப்போவதில்லை. எழுதினால் இன்றிரவு இந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பீர்கள்.

கத்தோலிக்க ஆன்ம குருக்கள் இதைச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள். மனச்சாட்சி இப்படி நோய்ப்பட்டவருக்கு அவர்கள் சொன்ன அறிவுரை: ஒரே குருவிடம் மட்டும் போ, அறிக்கையிட்ட பாவத்தை மறுபடியும் அறிக்கையிடாதே. இன்றைய சிகிச்சையும் ஏறத்தாழ அதைத்தான் சொல்கிறது.

சிகிச்சை உங்களிடம் என்ன கேட்கும்?

ஓசிடிக்குப் பலன் நிரூபிக்கப்பட்ட பேச்சுச் சிகிச்சைக்கு ஈஆர்பி என்று பெயர். பயத்தைக் கிளப்பும் சூழலை, எளிதானதிலிருந்து தொடங்கிப் படிப்படியாக எதிர்கொள்ளவேண்டும். எதிர்கொண்ட பிறகு, பயத்தைத் தணிக்க வழக்கமாகச் செய்யும் செயலை, அதாவது சடங்கை, செய்யாமல், பயம் தானே தணியும்வரை இருக்கவேண்டும். இதன் முதல் வடிவத்தை 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் வெளியிட்டார். அதை இணையத்தில் படித்துவிட்டு, "என்னைத் தேவதூஷணம் சொல்லச் சொல்வார்களாமே" என்று பதறியிருக்கிறீர்கள். சரியாகப் பயிற்சி பெற்றவர், ஒரு சாதாரண விசுவாசி நல்ல மனச்சாட்சியோடு செய்ய முடியாத எதையும் உங்களைச் செய்யச் சொல்லவேண்டியதில்லை. உங்கள் பயிற்சிகள் பெரும்பாலும் இப்படி இருக்கும்: மத்தேயு 12ஐ ஒரு முறை படித்துவிட்டு வேதாகமத்தை மூடிவிடுவது. இரவு ஜெபத்தை ஒரே முறை, நடுவில் எண்ணம் வந்தாலும் திரும்பத் தொடங்காமல், முடிப்பது. எண்ணம் மனத்தில் இருக்கும்போதே திருவிருந்து மேசைக்குப் போவது. எல்லை எது என்று ஐயம் வந்தால், சிகிச்சையின் தொடக்கத்தில் ஒரு முறை போதகரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளலாம். ஒவ்வொரு வாரமும் அல்ல.

மாத்திரையைப் பற்றி. ஓசிடிக்குக் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள் வேலை காட்ட 8 முதல் 12 வாரம் ஆகலாம். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவும் தேவைப்படுவது உண்டு. பத்து நாளில் பலன் இல்லை என்றால் இன்னும் தொடங்கவே இல்லை என்று பொருள். குமட்டல் பெரும்பாலோருக்கு முதல் சில வாரங்களில் குறைந்துவிடும். குறையாவிட்டால் மாற்று மருந்து இருக்கிறது. வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை நீங்களாக எடுத்துத் தொடங்காதீர்கள். அடுத்த குழந்தைக்குத் திட்டம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று நினைப்பவர்களுக்கு: பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கும் அடிக்கடி வரும் பலவீனத்துக்கும் பவுல் ஜெபத்தோடு நிறுத்தாமல் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும் தூக்கமும். அதட்டல் ஒன்றும் இல்லை. நம் மேடைகளில் எலியாவின் கர்மேல் மலை வெற்றியைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம், அடுத்த அதிகாரத்தைப் பற்றி எத்தனை?

ஆலோசகர் விசுவாசியாக இருக்கவேண்டுமா?

உங்கள் நிலைக்கு, வேண்டிய அவசியமில்லை என்பது என் கருத்து. துக்கம், திருமண உறவு, விசுவாசத்தைப் பற்றிய கேள்விகள் என்றால் ஒரே நம்பிக்கையுள்ள ஆலோசகர் பெரிய ஆறுதல்; தேடிப் போகலாம். ஓசிடியில் முதல் தகுதி ஓசிடியைக் கையாளத் தெரிந்திருப்பது. அது தெரியாத அன்பான விசுவாசி உங்களுக்குத் தினமும் வசனம் சொல்லித் தேற்றுவார். சுழல் இன்னும் இறுகும். சபைச் சகோதரியின் இலவச ஆலோசனை எனக்குக் கவலை தருவது இதனால்தான், அவருடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. இன்னொன்றும் உண்டு. கிறிஸ்தவ ஆலோசனை என்ற ஒரே பலகையின் கீழ் பல சரக்கு இருக்கிறது. வேதாகமம் மட்டுமே போதும், உளவியல் வேண்டாம் என்று 1970களிலிருந்து வாதாடிவரும் அமெரிக்க மரபு ஒன்று. பல்கலைக்கழகத்தில் முறையாகப் படித்து, விசுவாசத்தையும் மதித்து வேலை செய்பவர்கள் இன்னொன்று. சிங்கப்பூரில் தொழில்முறை ஆலோசனை வேரூன்றியதில் 1960களில் திருச்சபைகளுக்கும் பங்கு உண்டு என்பதால், இந்த இரண்டாம் வகையினர் இங்கே இல்லாமல் இல்லை.

உங்களைச் சபையிலிருந்து விலகச் சொன்ன ஆலோசகர், சடங்கு நடக்கும் சூழலைக் குறைக்க நினைத்திருக்கலாம். ஆனால் முதல் சந்திப்பிலேயே, உங்கள் வாழ்க்கையில் சபை என்னவென்று கேட்டறியாமல் அப்படிச் சொன்னது தவறு. ஓசிடியில் விலகி ஓடுவதும் ஒரு சடங்கே என்பதால் சிகிச்சை முறைப்படியும் அது சரியில்லை. ஒருவர் அப்படிச் செய்தார் என்று மதசார்பற்ற ஆலோசகர் அனைவரையும் ஒதுக்கிவிடவேண்டாம். விசுவாசத்தைப் பறிப்பதும் திணிப்பதும் இரண்டுமே எங்கள் தொழில் நெறிக்குப் புறம்பானவை.

ஒரு எச்சரிக்கை. மனநல மருத்துவர்களுக்குச் சட்டப்படி பதிவு உண்டு. ஆலோசகர்களுக்கு இங்கே அப்படியொரு கட்டாயப் பதிவு இல்லை. சிங்கப்பூர் ஆலோசனைச் சங்கத்தில் பதிவு செய்வது அவரவர் விருப்பம். ஆகவே தயங்காமல் கேளுங்கள்: என்ன பட்டம், எந்தச் சங்கத்தில் பதிவு, யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள், ஈஆர்பி செய்திருக்கிறீர்களா, மதம் சார்ந்த ஓசிடி உள்ளவரைப் பார்த்திருக்கிறீர்களா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரிடம் போகவேண்டாம். செலவைப் பொறுத்தவரை, பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு போவதே நல்லது. மனநலக் கழகத்திலோ பொது மருத்துவமனையிலோ உதவித்தொகைக் கட்டணத்தில் பார்ப்பார்கள். தமிழில் பேசவேண்டும் என்றால் நேரம் குறிக்கும்போதே கேட்டு வையுங்கள்.

போதகருக்கு ஒரு வேலை

போதகரைச் சிகிச்சையிலிருந்து வெட்டிவிடவேண்டாம். அவருடைய வேலையை மாற்றிக் கொடுங்கள். நீங்கள் எழுத்தில் அனுமதி கொடுத்தால் சிகிச்சையாளர் அவரோடு ஒரு முறை பேசலாம்; எதைப் பகிரலாம், எதைக் கூடாது என்று நீங்களே வரம்பு போடலாம். அதன்பின் நீங்கள் "இது பாவமா?" என்று கேட்டால் அவர் சொல்லவேண்டியது: "இதற்குப் பதில் சொல்லிவிட்டேன், உங்களுக்காக ஜெபிக்கிறேன்." கணவரும் அப்படியே. முதல் சில வாரம் இது கல்நெஞ்சமாகத் தோன்றும். மூவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் தாங்கலாம்.

ஜெபக்குழுவுக்கு விவரம் எதுவும் போகவேண்டாம். "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் ஒருவரின் நோய் வாட்ஸ்அப்பில் தீவைச் சுற்றிவருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "சகோதரிக்கு உடல்நலம் சரியில்லை" என்பதே போதுமான குறிப்பு. விடுதலை ஜெபம் இன்னொரு முறை வேண்டாம்: உங்களுக்குள் ஏதோ இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் நோய்க்குச் சாட்சி சொல்லிக் கொடுக்கிறது அது. சாப்பாட்டையும் தூக்கத்தையும் குறைக்கும் உபவாசமும் இப்போதைக்கு வேண்டாம்.

மாமியாரிடம் கோபப்படாதீர்கள், மருமகளுக்காக 40 நாள் ஏற்பாடு செய்ய நினைக்கிறவர் அன்பில்லாதவர் அல்லர். ஆனால் மருந்தை நிறுத்தி, வெளியே போகவிடாமல் வைத்திருக்கும் எந்த இடத்துக்கும், எந்த மதத்தினர் நடத்தினாலும், போகாதீர்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த விடுதி ஒன்றில், சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததைத் தமிழ்நாட்டுக்காரரான உங்கள் கணவர் அறிந்திருப்பார். ஊர்ப் பெரியவர்களிடம் பேசும்போது வேலூர் சிஎம்சியைச் சொல்லிப் பாருங்கள். மிஷனரியான ஐடா ஸ்கடர் தொடங்கிய அந்த மருத்துவமனை பாகாயத்தில் மனநல மையமே நடத்துகிறது. நோயாளியோடு குடும்பமும் தங்குவது அங்கே வழக்கம். கிறிஸ்தவர்களே கட்டியது என்றால் அத்தையின் காதில் வேறு மாதிரி விழக்கூடும்.

அலுவலகம், காப்புறுதி

மருத்துவ விடுப்புச் சான்றிதழில் நோயின் பெயர் இருக்கவேண்டியதில்லை. வேலைக்கான விண்ணப்பத்தில் மனநல வரலாற்றை, அந்த வேலைக்குத் தேவையிருந்தாலொழிய, கேட்கக்கூடாது என்று 2020 முதல் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்த முத்தரப்பு வழிகாட்டி சொல்கிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், மனநலப் பாதிப்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டுவதையும் தடுக்கிறது. நடைமுறைக்கு வரும்போது முதற்கட்டமாக 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். மேலாளரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். சிகிச்சை நேரத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் வேண்டுமென்றால் "மருத்துவச் சந்திப்பு" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். காப்புறுதி வேறு விஷயம். புதிதாக எடுக்கும்போது கேட்டால் மறைக்கக்கூடாது. மறைத்தால் பின்னால் இழப்பீடு மறுக்கப்படலாம். சிலவற்றில் நிபந்தனையோ மறுப்போ வரக்கூடும். அந்தப் பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இந்த வாரம் பலதுறை மருந்தகத்தில் மறுபடியும் நேரம் வாங்குங்கள். கணவரையும் கூட்டிச் செல்லுங்கள். ஒரு தாளில் நான்கு விவரம் எழுதிக்கொள்ளுங்கள்: எண்ணம் எப்போது வருகிறது, சடங்குக்கு ஒரு நாளில் எவ்வளவு நேரம் போகிறது, எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள், மாத்திரையை எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள். அந்த வசைச்சொல் என்ன என்பதை மருத்துவரிடம் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. "மதம் சார்ந்த தகாத எண்ணம்" என்றாலே அவருக்குப் புரியும். கண் விழிக்காமல் இருந்தால் நல்லது என்று எனக்கு எழுதினீர்களே, அந்த வரியை மட்டும் தாளின் முதல் வரியாக எழுதுங்கள்.